ஸ்கியூமார்ஃபுக்குத் தமிழ்: ஒரு பிளாஸ்டிக் குடத்தை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் துறைத் தம்பி ஒருவர் 'ஸ்கியூமார்ஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டதிலிருந்து, மூன்று நாளாக நம் குழுவில் நடக்கும் வழக்கை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று குடம் வாங்கப் போன இடத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். கடிதம் நீளும். காபியோடு உட்காருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பொருளை வேறு சரக்கில், வேறு முறையில் செய்யத் தொடங்கிய பிறகும், பழைய சரக்குக்கு மட்டுமே தேவைப்பட்ட ஓர் அம்சம் வெறும் தோற்றமாகக் கூடவே வந்தால், அதற்குப் பெயர் ஸ்கியூமார்ஃப். கணினியில் சேமிப்பதற்கான பொத்தானில் இன்னும் ஃபிளாப்பி படம் இருக்கிறது. 1.44 எம்பி கொள்ளும் அந்தச் சதுரத்தைக் கையில் தொட்டிராத பிள்ளைகள்தான் இன்று அதைத் தினமும் அழுத்துகிறார்கள். போனில் படம் எடுத்தால் 'கிளிக்' என்கிறது. உள்ளே கிளிக் என்று சொல்ல எந்த இதழும் அசைவதில்லை. மென்பொருள் துறைத் தம்பி கேட்டது இந்த வகைக்குத்தான். ஐபோனுக்கான ஐஓஎஸ் 7 மென்பொருள் வந்த 2013-இல் ஆப்பிள் தன் திரையிலிருந்து தோல் தையல், மர அலமாரி மாதிரித் தோற்றங்களையெல்லாம் கழற்றிப் போட்டதே, அந்தக் கதையை மொழிபெயர்க்க அவருக்கு ஒரு சொல் வேண்டும்.

ஆனால் சொல் கணினியில் பிறக்கவில்லை. 1889-இல் ஹென்றி காலி மார்ச் என்பவர் பழங்கால அலங்கார வேலைப்பாடுகளைப் பற்றி எழுதும்போது உண்டாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் 'ஸ்கியூவோஸ்' என்றால் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான். 'மார்ஃபே' என்றால் வடிவம். ஆக, "அப்படியே ஸ்கியூமார்ஃப் என்று எழுதிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்த மெனக்கெடல்" என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான்: ஆங்கிலத்திலேயே அது ஒருவர் உட்கார்ந்து கோத்த சொல். அவர் கோக்கலாம் என்றால் நாமும் கோக்கலாம்.

சரி, குடத்துக்கு வருகிறேன்.

வீட்டில் ஒரு குடம் விரிசல் விட்டுவிட்டது. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், குடங்களைக் கழுத்தில் கயிறு கட்டிச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் கடை. பச்சைக் குடம் ஒன்றை இறக்கித் திருப்பிப் பார்த்தேன். அதன் உடம்பில் இரண்டு கோடுகள். ஒன்று வாயிலிருந்து அடிவரை நேராக இறங்கும் மெல்லிய கோடு, நகத்தால் தடவினால்தான் தெரியும். சூடான பிளாஸ்டிக் குழாயை இரண்டு பாதி அச்சுக்கு நடுவே வைத்துக் காற்றை ஊதிப் பெருக்குகிறார்கள்; அந்த இரண்டு பாதியும் சேரும் இடம் அது. உண்மையான மூட்டு. யாரும் பார்க்கவேண்டாம் என்று தேய்த்துவிடப்பட்ட மூட்டு.

இன்னொன்று இடுப்பைச் சுற்றி ஓடும் தடித்த வளையம். அதில் சிறு சிறு பற்கள் மாதிரி மேடு பள்ளம். இதற்கும் குடம் செய்த முறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த அப்பத்தாவின் பித்தளைக் குடத்தை இறக்கித் துடைத்தபோதுதான் விளங்கியது. பித்தளையில் மேல் பாதி வேறு, கீழ்ப் பாதி வேறு. விளிம்பைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, பற்றவைத்திருக்கிறார்கள். அந்தப் பல் வரிசை குடத்தின் வயிற்றில் நிரந்தரத் தழும்பாக நிற்கிறது. பிளாஸ்டிக் குடம் தன் சொந்தத் தழும்பை மறைத்துக்கொண்டு, அப்பத்தா குடத்தின் தழும்பைப் பச்சை குத்திக்கொண்டிருக்கிறது!

கடைக்காரரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்ணே, இந்த வளையம் எதுக்கு?"

"எதுண்ணே?"

"இந்தா, இடுப்பச் சுத்தி."

"அது அச்சுலயே வர்றதுண்ணே."

"அது இல்லாம அச்சு அடிக்க முடியாதா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குடம் வாங்க வந்தவனா, வேறு எதற்காவது வந்தவனா என்று. பிறகு சொன்னார்: "அடிக்கலாம். ஒருக்கா வழவழன்னு ஒரு லோடு வந்துச்சு. மூளியா இருக்குன்னு ஒரு பொம்பளையாளும் தொடல. அப்படியே திருப்பி அனுப்புனோம்."

மூளி. இந்தச் சொல்லை இதே விஷயத்துக்கு நான் கேட்பது இரண்டாவது தடவை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருப்பணி நடந்த இடத்தில், கல் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கொடுங்கையைக் காட்டிக் கேட்டிருக்கிறேன். மண்டபத்தின் விளிம்பில் வளைந்து இறங்கும் கல் கூரைதான் கொடுங்கை. அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் கைமரம், குறுக்குச் சட்டம், சில இடங்களில் ஆணியின் குமிழ் வரை கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். மரக் கூரையில் கைமரம்தான் பாரம் தாங்கும், ஆணிதான் பிடித்து நிறுத்தும். கல் கூரையில் ஆணிக்கு என்ன வேலை? பெரியவர் உளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "அது இல்லேன்னா கூரை மூளியா நிக்கும் தம்பி. பாக்குறவனுக்கு அது கூரைன்னே தோணாது." பிறகு, இதெல்லாம் என்ன, ஆவுடையார்கோயிலுக்குப் போய்ப் பார் என்றார். பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக" என்று எழுதிக் கொடுப்பார்களாம். அவை மாதிரி செய்யச் சொல்லி மட்டும் கேட்காதே என்று பொருள். அந்தச் சொலவடை அவருக்கும் மனப்பாடம்.

இதில் இன்னொரு வேடிக்கை: அவர் தொழிலுக்கே பெயர் கல்தச்சர். தச்சர் என்று மட்டும் சொன்னால் நமக்கு மரவேலைக்காரர்தான் நினைவுக்கு வருவார். கல்லுக்கு மாறிய பிறகும் பெயரில் இழைப்புளிச் சத்தம் கேட்கிறது.

சென்னை நண்பர் இது மேல்நாட்டுக் கருத்து, நம்மிடம் எடுத்துக்காட்டு குறைவு என்று எழுதியிருந்தார். ஐயா, நம்மிடம் ஊரே இதுதான். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சாந்து இல்லாமல் கோயில் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமைப்பட்டான். அவனுக்கு அடுத்து வந்தவர்கள் மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் தலையில் கல்லாலேயே கூரை வேய்ந்துவிட்டார்கள். மரத்தை விட்டாலும் மரம் விடவில்லை.

இனி, இதுவரை வந்த சொற்கள்.

> கலவுரு: நேர் மொழிபெயர்ப்பு

ஸ்கியூவோஸ் = கலம் என்பது சரிதான். ஆனால் இலங்கைத் தமிழில் கலம் என்றால் உயிரணு. நமக்கே மின்கலம் இருக்கிறது. 'கலவுரு' என்று பார்த்ததும் ஒருவருக்கு உயிரியல், இன்னொருவருக்கு பேட்டரி நினைவுக்கு வரும். வேர்ச்சொல்லுக்கு விசுவாசமாக இருந்து வாசகரைத் தொலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

> எச்சவடிவம்

இது எனக்கு முதலில் பிடித்திருந்தது. வினையெச்சம், பெயரெச்சம் என்று இலக்கணத்தில் பழகிய சொல். ஆனால் இரண்டு சங்கடம். கோயில் தூணைப் பற்றிய கட்டுரையில் 'தூணில் எச்சம்' என்று வந்தால் மதுரைக்காரன் புறாவைத்தான் தேடுவான். அதை விடுங்கள், பழகிவிடலாம். பெரிய சங்கடம் வேறு. குடல்வால் போன்றவற்றை எச்ச உறுப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. குடல்வால் அதே உடம்பில் தங்கிப்போன மிச்சம். இங்கே உடம்பே மாறிவிட்டது. பித்தளை போய்விட்டது, பற்றவைப்பு போய்விட்டது, வடிவம் மட்டும் வேறு உடம்புக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. மிச்சம் வேறு, குடிபெயர்ச்சி வேறு. எங்கள் அம்மன் சன்னிதிக்கு எதிரே விட்டவாசல் இருக்கிறது, பழைய கோட்டையின் வாசல். அது எச்சம். அதே மாதிரி ஒரு வாசலை இன்று பிளைவுட்டில் கல்யாண மண்டபத்து முன்னால் நிறுத்தினால் நாம் தேடும் சங்கதி.

> போலியுரு

இலக்கணத்தில் போலி நல்ல பிள்ளை. அறம், அறன் ஆனால் யாரும் போலீஸில் புகார் கொடுப்பதில்லை. ஆனால் தெருவில் அந்தச் சொல் கெட்டுப்போய் வெகுநாள் ஆயிற்று. போலி மருத்துவர், போலிப் பத்திரம். ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போலியுரு என்று எழுத எனக்குக் கை வராது.

> மரபுரு, தொல்லுரு, நினைவுரு

வேகமாகக் கடக்கிறேன். மரபுரு என்றால் மரபணுவின் தம்பி என்று நினைப்பார்கள். தொல்லுரு தொல்பொருள் அகழாய்வுக் குழிக்குள் போய் விழும். கீழடி பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அந்தப் பயம் அதிகம். நினைவுரு, சிலை திறப்பு விழா மாதிரி இருக்கிறது.

அப்புறம், நான் எதைச் சொல்கிறேன்?

குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு தெற்குவாசல் வழியாக வந்தேன். ஷேர் ஆட்டோக்காரர் "தெக்குவாசல் இறங்கு, தெக்குவாசல்" என்று கத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வாசலும் இல்லை. கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். அந்த வேலையை நடத்தியவர்கள் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நிற்கின்றன. வாசல் போனது, பேச்சில் வாசல் நிற்கிறது. மாசி வீதியும் அப்படித்தான். மீனாட்சி கல்யாணத்துத் தேர் அதில் ஓடுவது சித்திரையில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் அழகர் திருவிழாவோடு சேர்ப்பதற்காகச் சித்திரைக்கு மாற்றினார் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு. விழா நகர்ந்தது, வீதி பெயரை விடவில்லை.

பெயர் இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி நிற்பதற்கு நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே என்று சிக்னலில் நிற்கும்போது தோன்றியது. ஆகுபெயர். (தெற்குவாசல் கறாரான ஆகுபெயர் அல்ல என்று புலவர்கள் பிரம்பை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: தெரியும். அது எனக்கு வழிதான் காட்டியது.) நன்னூல் சொல்வது இது:

"ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத்
தொன்முறை உரைப்பன ஆகு பெயரே"

ஒன்றின் பெயரால், அதோடு தொடர்புடைய இன்னொன்றை, தொன்றுதொட்ட வழக்காகச் சொல்வது. வெற்றிலை நட்டான் என்கிறோம், நட்டது கொடி. டிசம்பர் சூடினாள் என்கிறோம், சூடியது பூ. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தொடர்பு இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

இப்போது 'பெயரான்' என்ற இடத்தில் 'வடிவான்' என்று போடுங்கள். ஒன்றன் வடிவான் அதற்கியை பிறிதைத் தொன்முறை சமைப்பன. பித்தளையின் வடிவால், அதோடு இயைந்த பிளாஸ்டிக்கைத் தொன்முறையாகச் செய்வது. வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறதா இல்லையா?

ஆகவே என் முன்மொழிவு: ஆகுவடிவம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையும் சேர்த்துத் தருகிறேன், கடைக்காரர் உபயம். சந்தேகத்துக்குரிய அம்சத்தை மனசுக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள். பொருளின் வேலை கெட்டால் அது ஆகுவடிவம் இல்லை, சாதாரண வடிவம். வேலை கெடாமல் மூளியாக மட்டும் நின்றால் ஆகுவடிவம். குடத்தின் ஒடுங்கிய கழுத்தும் மடிந்த வாயும் மண் குடத்திலிருந்தே வருபவை, ஆனாலும் அவை ஆகுவடிவம் இல்லை. இடுப்பில் வைத்தால் தண்ணீர் தளும்பக்கூடாது, கை கழுத்தை வளைத்துப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றாலும் அந்த வேலை அப்படியே இருக்கிறது. இடுப்பு வளையத்தை எடுத்தால் ஒன்றும் ஆகாது, ஒரு லோடு திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

அடித்து நொறுக்குங்கள். நாளை பார்க்கிறேன்.

* * *

மறுபடி வணக்கம்.

ஒரே இரவில் பதினோரு பதில்கள். குடத்துக்கு இவ்வளவு மவுசு இருக்கும் என்று தெரிந்திருந்தால் பேரம் பேசாமல் வாங்கியிருப்பேன்.

> ஆகுவடிவம் என்றால் இனிமேல் ஆகப்போகிற வடிவம் என்று படிக்க மாட்டார்களா?

ஆகுபெயரை 'இனிமேல் ஆகப்போகிற பெயர்' என்று பள்ளியில் யாராவது படித்தார்களா? அந்தப் பழக்கம் இதையும் தாங்கும். கலைச்சொல் தன் பொருளை முழுக்க முதுகில் சுமந்து வரவேண்டும் என்ற ஆசைதான் நம்மைக் கெடுக்கிறது. பேருந்து என்ற சொல்லில் பயணி இல்லை, டிக்கெட் இல்லை, பெரிதாக இருக்கிறது, உந்துகிறது, அவ்வளவே. ஜெயித்துவிட்டது. நிழற்குடையில் குடையே இல்லை, அதுவும் ஜெயித்தது. காபிக்கு வைத்த குளம்பி தன்னை முழுக்க நியாயப்படுத்த ஆள் வைத்துக்கொண்டு வந்தது. இன்றுவரை எந்தக் கடையிலும் ஒரு குளம்பி ஆர்டர் ஆனதாகத் தெரியவில்லை.

> சுருக்கி 'ஆகுரு' என்று வைக்கலாமே. ஆகு + உரு.

புணர்ச்சி சுத்தம். ஆனால் என் மருமகனிடம் எழுதிக் காட்டினேன். "ஆ, குரு!" என்று கும்பிட்டான். வேண்டாம்.

> சுங்குடி என்ன வகை?

பழனியாண்டவர் கோயில் பிரசாதம் மாதிரி, மதுரைக்காரனிடம் சுங்குடியைக் கேட்டால் கையில் ஒட்டிக்கொண்டுதான் விடும். அசல் சுங்குடிச் சேலை என்பது முடிச்சு வேலை. துணியை மடித்து, நகத்தால் ஒரு சிட்டிகை கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். சௌராஷ்டிரர் வீடுகளில் பெண்கள் தலைமுறையாகச் செய்த வேலை. சாயத்தில் முக்கி எடுத்து உலர்த்தி முடிச்சை அவிழ்த்தால், நூல் இருந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் சிறு வளையமாக நிற்கும். வளையத்துக்கு நடுவே சாயம் ஏறிய ஒரு புள்ளி. ஒரு வளையம் போல இன்னொன்று இருக்காது. புதுச் சேலையில் அந்த இடம் லேசாகப் புடைத்துக்கொண்டு விரலுக்குத் தட்டுப்படும்.

இன்று கடையில் சுங்குடி என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலானவை அச்சு. முடிச்சு இல்லை, ஆனால் புள்ளி இருக்கிறது. என் மனைவியின் சேலை ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அச்சுக் கட்டை செதுக்கியவர் கெட்டிக்காரர். வளையங்களைக் கோணல்மாணலாகச் செதுக்கியிருக்கிறார், கை முடிச்சு மாதிரியே. ஆனால் கோணல் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தடவை அதே கோணலாகத் திரும்பி வருகிறது.

இது ஆகுவடிவமா, போலியா? கேட்டவர் கொக்கி போட்டிருக்கிறார் என்று தெரிகிறது. இங்கேதான் ஆகுபெயரோடு உள்ள உறவு உதவுகிறது. விற்கிறவர் "இது கை முடிச்சு" என்று சொல்லி அந்த விலை வாங்கினால் அது போலி, தெருவில் சொல்லும் அதே அர்த்தத்தில். "அச்சுதாங்க, ஆனா சுங்குடி டிசைன்" என்று சொல்லி விற்று, வாங்குகிறவரும் தெரிந்தே வாங்கினால் ஆகுவடிவம். சேலை ஒன்றுதான். கடையில் நடந்த பேச்சைப் பொறுத்து அது கட்சி மாறும். இது சொல்லின் குறையல்ல என்பது என் கருத்து. சேலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அது நம்மை எச்சரிக்கிறது. மகால் தூண்களையும் இதே கணக்கில் வைக்கலாம். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் மேலே சுண்ணச் சாந்துப் பூச்சு, பார்வைக்குப் பளிங்குத் தூண். நாயக்கர் யாரிடமும் இது பளிங்கு என்று ரசீது கொடுக்கவில்லை.

> கோயில்களில் வைத்திருக்கும் மின்முரசு? மோட்டார் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்குமே.

இல்லை. அதில் கோல் உண்மையாகவே தோலில் அடிக்கிறது. கோலை எடுத்துவிட்டால் சத்தம் வராது, ஆகவே சோதனையில் தோற்கிறது. அடிக்கிற ஆள்தான் இல்லை. அவர் இல்லாதது வேறு வருத்தம், அதற்குக் கலைச்சொல் வேண்டாம். ஆனால் அதே கோயிலில் தீபச் சுடர் வடிவில் பல்பு வைத்த குத்துவிளக்கு இருக்கிறதே, காற்றே இல்லாமல் படபடக்கும், அது முதல் மதிப்பெண்.

> தாள் இலை?

ஆகா. இதற்காகவே இன்னொரு கடிதம் எழுதலாம். போன மாதம் ஒரு கூட்டத்தில் சாப்பாடு. வட்டமாக வெட்டிய தாளில் பச்சை நிறம், நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகள், எல்லாம் அச்சு. இலையில் நடு நரம்பு தண்டாக இருப்பதால் குழம்பு அந்தப் பக்கம் ஓடாமல் கொஞ்சம் தடுக்கும். அச்சு நரம்பு ரசத்துக்கு அணை கட்டாது. சரி, ஆகுவடிவம், தீர்ந்தது.

ஆனால் என் எதிரே உட்கார்ந்த பெரியவர் செய்ததுதான் விஷயம். தாளை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். நரம்பைக் குறுக்காக வரும்படி திருப்பினார். நுனி இடப்பக்கம் வரவேண்டுமே. வட்டத்துக்கு நுனி ஏது? அச்சில் நரம்பு எந்தப் பக்கம் மெலிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை இடதுகைப் பக்கம் வைத்தார். பிறகு கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்து, துடைத்து வழித்துவிட்டார். நானும் தெளித்தேன். பந்தியில் எல்லாரும் தெளித்திருந்தோம். வாழை இலையில் தூசி இருக்கும், தெளித்துத் துடைக்க வேண்டும். கட்டுப் பிரித்துப் போட்ட தாளில் எதைத் துடைத்தோம் என்று தெரியவில்லை.

இதில் வடிவம் எதுவும் இல்லை, செய்கைதான் குடிபெயர்ந்திருக்கிறது. 'ஆகுசெயல்' என்று தனியாக ஒன்று வைக்கலாமா என்று ஒரு கணம் சபலப்பட்டேன். அம்மாவிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் எதுக்குடா புதுப் பேரு, பழக்கதோஷம்னு சொல்லு" என்றார். செய்கைக்கு அந்தச் சொல்லே போதும், தீர்ப்பு அம்மாவுடையது.

கடைசியாக, மென்பொருள் தம்பியின் புகார் நியாயமானது:

> 'ஆகுவடிவ வடிவமைப்பு' என்று எழுதினால் நாக்கு சுளுக்குகிறது

ஆமாம். 'ஆகுவடிவப் பாணி' என்று எழுதுங்கள். "ஐஓஎஸ் 7 ஆகுவடிவப் பாணியைக் கைவிட்டது." வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், தடுக்கவில்லை. ப் போட மறக்காதீர்கள்.

நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

ஆகுவடிவம் (பெ.): ஒரு பொருளைச் செய்யும் சரக்கோ முறையோ மாறிய பின்னும், பழையதற்கு மட்டுமே தேவையாக இருந்து, புதியதில் வேலை எதுவும் இன்றி, கண்ணின் பழக்கத்துக்காகத் தொடரும் வடிவக்கூறு.

'கண்ணின் பழக்கத்துக்காக' என்பதை 'மூளியாகத் தோன்றாதிருக்க' என்று மாற்றத்தான் எனக்கு ஆசை. அகராதி நடைக்கு ஒத்துவராது என்று சொல்வீர்கள், தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். எடுத்துக்காட்டு ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. கொடுங்கை ஆணியா, குட வளையமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். என் ஓட்டு குடத்துக்கு.